புரொபஷனல் யார், அமெச்சூர் யார்? கேமராவையும் போட்டோகிராபரையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வேலை எடுத்துச் செய்பவன் என்பதால் இந்தக் கேள்விகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. முதல் கேமரா வாங்கப் போகிறவர்கள் கேட்கிறார்கள், வீட்டில் விசேஷம் வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். தமிழ்நாட்டுக் கல்யாண மண்டபத்தை மனதில் வைத்தே பதில் சொல்லியிருக்கிறேன். மற்ற வேலைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

புரொபஷனல் போட்டோகிராபர் என்று யாரைச் சொல்லலாம்?

இந்தத் தொழிலில் சம்பாதிப்பவர் என்பது ஒரு பதில். வரி கட்டுவதற்கு அது போதும், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஆள் பார்க்கப் போதாது. நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மோசமான வெளிச்சத்தில், நகர இடமில்லாத கூட்டத்தில், மறுபடி நடக்காத ஒரு விஷயத்தைச் சொன்னபடி எடுத்துக் கொடுப்பாரா? நல்ல படம் யாருக்கும் அமையும். ஞாயிற்றுக்கிழமை காலை மெரினாவில் அருமையான படம் எடுத்தவருக்கு அடுத்த ஞாயிறு ஒன்றும் சிக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. முகூர்த்தம் அப்படி இல்லை.

தாலி கட்டும் நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கெட்டிமேளம் தொடங்கி மூன்று முடிச்சும் விழ ஒரு நிமிடம்கூட ஆகாது. அட்சதை பறக்கிறது. ஹோமப் புகை லென்ஸுக்கும் முகத்துக்கும் நடுவில் நிற்கிறது. பெரியவர்கள் எழுந்து முன்னால் சாய்கிறார்கள், வரிசையாகச் செல்போன்கள் நீள்கின்றன, மூன்றாவது முடிச்சுக்கு நாத்தனார் கை குறுக்கே வருகிறது. அனுபவசாலி இதற்கெல்லாம் அரை மணி நேரம் முன்பே வேலையைத் தொடங்கிவிடுவார். ஐயரிடம் போய், "சாமி, தாலியை எடுத்ததும் மாப்பிள்ளையை ஒரு செகண்ட் நிமிரச் சொல்லுங்க" என்று கேட்டு வைப்பார். வீடியோ எடுப்பவரிடம், "அண்ணே, நீங்க வலப்பக்கம் நின்னுக்கோங்க, நான் இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டுக்கிறேன்" என்று பேசி முடிப்பார். கார்டில் இடமிருந்தாலும் புதுசு போடுவார், பேட்டரியையும் மாற்றுவார். பொண்ணு மனையில் உட்கார்ந்ததுமே இரண்டு படம் எடுத்து வெளிச்சத்தைச் சரிபார்த்துவிடுவார். மாப்பிள்ளையின் கை பொண்ணின் கழுத்துக்குப் போகும்போது கேமராவில் எந்தப் பட்டனையும் தேட மாட்டார்.

கற்றுக்குட்டி அந்த நேரத்தில்தான், கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற அளவான ஐஎஸ்ஓவை மாற்றிக்கொண்டிருப்பார்.

பார்த்ததும் புதியவர் என்று கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. லென்ஸ் ஹுட்டை (லென்ஸ் முன்னால் மாட்டும் மறைப்பு) திருப்பி மாட்டியபடியே எடுப்பது, லென்ஸைக் கீழே தாங்காமல் மேலிருந்து பிடிப்பது, ஒவ்வொரு படத்துக்கும் குனிந்து ஸ்கிரீனைப் பார்ப்பது, இதெல்லாம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு வாரம் பழகினால் இவை மாறிவிடும். இவற்றை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம்.

எடுத்த படங்களைப் பாருங்கள். பொண்ணின் தலைக்குப் பின்னால் மேடைத் தூண் முளைத்திருக்கிறதா? குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கும் சித்தப்பா பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறாரா? முழங்கையிலும் மணிக்கட்டிலும் படம் வெட்டப்பட்டிருக்கிறதா? முகத்தில் ஃபிளாஷின் வெள்ளை, பின்னால் சீரியல் பல்புகளின் மஞ்சள், பக்கத்தில் எல்ஈடி விளக்கின் ஊதா என்று மூன்று நிறம் ஒன்றோடொன்று சண்டை போடுகிறதா? மண்டப வெளிச்சத்தில் நிறத்தைக் கட்டுக்குள் வைப்பது சாதாரண வேலை இல்லை. அதைச் செய்திருப்பவர் தொழில் தெரிந்தவர்.

அப்படியானால் "புரொபஷனல் கேமரா" என்பது எது? அதிக மெகாபிக்சல் இருப்பதா?

இல்லை. ஒலிம்பிக்கிலும் உலகக் கோப்பையிலும் பத்திரிகைக்காரர்கள் தூக்கிக்கொண்டு அலைந்த கேனான் 1டி எக்ஸ் மார்க் 3, 2020-இல் வந்தது, 20.1 மெகாபிக்சல். அதே கம்பெனி புதியவர்களுக்காக விற்ற 1500டி 24.1 மெகாபிக்சல். எண்ணை மட்டும் பார்த்தால் சின்னதுதான் பெரியது. 12×18 அங்குல ஆல்பம் பக்கத்தை 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) அச்சிட 3600×5400 பிக்சல் வேண்டும், அதாவது 19.4 மெகாபிக்சல். 20-ஐத் தாண்டிவிட்டாலே ஒரு பக்கத்துக்குப் போதும்.

தொழிலுக்கான கேமராவில் நீங்கள் கொடுக்கும் அதிகப்படி காசு, கேமரா நடுவில் நின்றுவிடக் கூடாது என்பதற்காக. முதலில் இரண்டு கார்டு ஸ்லாட். எடுக்கும் ஒவ்வொரு படமும் ஒரே நேரத்தில் இரண்டு கார்டிலும் பதியும், ஒன்று போனாலும் மற்றது இருக்கும். 2018-இல் நிக்கான் இசட் 6, இசட் 7, கேனான் ஈஓஎஸ் ஆர் மூன்றும் ஒற்றை ஸ்லாட்டோடு வந்தபோது கல்யாண போட்டோகிராபர்கள் கோபப்பட்டது அதனால்தான். அதே ஆண்டு வந்த சோனி ஏ7 3-இல் இரண்டு ஸ்லாட் இருந்தது. நம் ஊர் மண்டபங்களில் அந்த பாடி (லென்ஸ் சேராத கேமரா) அவ்வளவு சீக்கிரம் பரவியதில் இதற்கும் பங்கு உண்டு.

அடுத்தது ஷட்டர், ஒவ்வொரு படத்துக்கும் திறந்து மூடும் திரை. 1டி எக்ஸ் மார்க் 3-இன் ஷட்டரை 5 லட்சம் முறைக்கும், நிக்கான் டி850-இன் ஷட்டரை 2 லட்சம் முறைக்கும் சோதித்திருப்பதாகக் கம்பெனிகளே சொல்கின்றன. செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஷட்டர் கவுண்ட் எவ்வளவு என்று கேட்பது இதற்காகத்தான். அப்புறம் தூசியும் தூறலும் உள்ளே போகாத பாடி, ஒரு முகூர்த்தம் முழுக்க வரும் பேட்டரி, மெனுவுக்குள் போகாமல் விரலாலேயே மாற்றக்கூடிய டயல்கள். பக்கத்து ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

ஃபுல் பிரேம் இல்லாமல் கல்யாணம் எடுக்கலாமா?

எடுக்கலாம். சென்சார் என்பது கேமராவுக்குள் வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு. ஃபுல் பிரேம் சென்சார் 36×24 மில்லிமீட்டர். சின்ன வகையான ஏபிஎஸ்-சி சென்சார் அதில் பாதிப் பரப்புக்கும் கொஞ்சம் குறைவு. இருட்டில் அந்த வித்தியாசம் தெரியும், பகல் வெளிச்சத்தில் ஆல்பத்தைப் புரட்டும் யாருக்கும் தெரியாது. காசு ஓர் அளவுதான் இருக்கிறது என்றால் பாடியில் மிச்சப்படுத்தி லென்ஸில் போடுங்கள்.

லென்ஸ் அவ்வளவு முக்கியமா?

ரொம்ப முக்கியம். கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ் முழுக்க ஜூம் செய்தால் எஃப் 5.6-க்கு இறங்கிவிடும் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சுருங்கும்). தொழிலில் இருப்பவர்கள் 24-70, 70-200 லென்ஸ்களை எஃப் 2.8-இல் வாங்குகிறார்கள். 5.6-ஐவிட 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். வெளியில் இருக்கும்போது இது வெறும் கணக்கு. மண்டபத்தில் ஐஎஸ்ஓ 6400-இல் குருணை குருணையாக வர வேண்டிய படம் 1600-இல் சுத்தமாக வருகிறது என்று அர்த்தம்.

அவ்வளவு பணம் இல்லாதவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 50 மில்லிமீட்டர் எஃப் 1.8. கேனான், நிக்கான், சோனி என்று எதை எடுத்தாலும் அவர்கள் வரிசையில் விலை குறைந்தவற்றுள் ஒன்று அது. 5.6-ஓடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் தரும். ஜூம் கிடையாது, நீங்கள்தான் நடக்க வேண்டும். அந்த நடையே பாதிப் பாடத்தைக் கற்றுக்கொடுத்துவிடும்.

வெள்ளை லென்ஸ் பற்றியும் கேட்கிறார்கள். தூரத்தில் இருப்பதைக் கிட்டக் காட்டும் கேனானின் பெரிய டெலி லென்ஸ்கள் வெள்ளையாக இருப்பது வெயிலில் சூடேறாமல் இருக்க. தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்கு அது அந்தஸ்தாகத் தெரிகிறது.

பெரிய கேமரா கையில் இருந்தால்தான் பார்ட்டி நம்புகிறார்கள். என்ன செய்வது?

உண்மைதான், நானும் பார்க்கிறேன். உள்ளே கண்ணாடி இல்லாத சின்ன மிரர்லெஸ் பாடியை எடுத்தால் "இதுலயா எடுக்கப் போறீங்க?" என்று பொண்ணோட மாமா கேட்பார். தேவையே இல்லாமல் கேமராவின் அடியில் பேட்டரி கிரிப் மாட்டிக்கொண்டு வருபவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், நம்பிக்கையும் இந்தத் தொழிலில் ஒரு சரக்கு.

ஆனால் சின்ன கேமராவுக்கு ஒரு பெரிய பலம் உண்டு. பிரெஞ்சு போட்டோகிராபர் ஆன்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் ஒரு சிறிய லைக்கா கேமராவும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் வைத்தே தன் வாழ்நாள் வேலையின் பெரும்பகுதியைச் செய்தார். பளபளப்பு கண்ணில் படக் கூடாதென்று கேமராவின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தார். போஸ் கொடுக்க வைக்காமல் கேண்டிட் எடுப்பவர்களுக்கு இது நன்றாகப் புரியும். பெரிய லென்ஸ் திரும்பினால் பாட்டி உடனே முந்தானையைச் சரிசெய்து விறைப்பாகிவிடுவார். சின்ன கேமரா முன்னால் பேத்தியோடு பேசிக்கொண்டே இருப்பார்.

செல்போனில் எடுத்தால் புரொபஷனல் ஆகாதா?

2012-இல் சாண்டி புயல் அமெரிக்காவைத் தாக்கியபோது டைம் பத்திரிகை, பென் லோவி என்ற பத்திரிகை போட்டோகிராபர் ஐபோனில் எடுத்த படத்தை அட்டையில் போட்டது. அதனால் ஆகாது என்று சொல்ல முடியாது.

இருந்தாலும் போனின் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பெரிய சென்சார் என்று விளம்பரம் செய்யப்படும் 1 அங்குல வகைகூட 13.2×8.8 மில்லிமீட்டர்தான். ஃபுல் பிரேம் பரப்பில் அதைவிட ஏழு மடங்குக்கு மேல். அந்தக் குறையைப் போன் பல படங்களை அடுக்கிச் சேர்த்து ஈடுகட்டுகிறது. அசையாத கோபுரத்துக்கு அது பிரமாதம். நலங்கில் ஓடித் துரத்தும் பிள்ளைகளுக்குச் சரிவராது. வெளியிலிருந்து தனி ஃபிளாஷை இயக்குவதும் பெரும்பாலான போன்களில் நடக்காத காரியம்.

மேனுவல் மோடில் எடுப்பவர்தான் புரொபஷனல் என்கிறார்களே?

தவறு. மேனுவல் என்றால் எல்லா அளவையும் நாமே கையால் வைப்பது. வெளிச்சம் மாறாத இடத்தில், ஃபிளாஷோடு எடுக்கும்போது மேனுவல் வசதி. மாப்பிள்ளை அழைப்பில் வெயிலிலிருந்து பந்தலுக்குள், பந்தலிலிருந்து மண்டபத்துக்குள் என்று ஊர்வலம் நகரும்போது அபர்ச்சரை (லென்ஸின் துவார அளவு) மட்டும் கையில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேமராவிடம் விடுவதுதான் புத்திசாலித்தனம். எப்போது எது என்று தெரிந்தால் போதும்.

ரா ஃபைலில்தான் எடுக்க வேண்டுமா?

காசு வாங்கி எடுக்கும் வேலைக்கு ஆமாம். ரா என்பது சென்சார் பதிந்ததைக் கேமரா பதப்படுத்தாமல் வைக்கும் ஃபைல், ஜேபெக் என்பது கேமராவே பதப்படுத்திச் சுருக்கித் தரும் படம். ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரா ஃபைலில் 16,384. பட்டுப் புடவையின் ஜரிகையில் ஃபிளாஷ் பட்டு வெளுத்துப்போன இடத்திலும், ஹோமப் புகையில் மங்கிய முகத்திலும் ஏதாவது மீட்க வேண்டுமென்றால் அந்தப் படிகள் வேண்டும். வெறும் வெள்ளையாகவே பதிந்துவிட்டதை ராவும் மீட்காது. ஜரிகை இருக்கும் இடத்தில் கொஞ்சம் குறைத்தே எடுங்கள்.

என் படங்களில் முகம் எப்போதும் இருண்டு போகிறதே, ஏன்?

கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர், எதிரில் இருப்பது எல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் எட்டுப் பேர் நின்றால் "வெளிச்சம் அதிகம்" என்று நினைத்துக் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகங்கள் கறுக்கும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனில் ஒரு ஸ்டாப் (அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம்) கூட்டுங்கள், அல்லது ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வையுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றை அழுத்தமாகவே சொல்ல வேண்டும். எடுக்கும்போது முகத்துக்குச் சரியான வெளிச்சம் கொடுக்காமல், பிறகு கம்ப்யூட்டரில் எல்லாரையும் வெளுப்பாக்கிக் கொடுப்பது நம் தொழிலில் பெரிய அநியாயம். மாநிறமான பெண் ஆல்பத்தில் சுண்ணாம்பு நிறத்தில் இருக்கிறாள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம். தோலில் இருந்த ரேகை, மச்சம், அம்மை வடு எல்லாம் துடைக்கப்பட்டுவிடுகிறது. இருபது வருஷம் கழித்து அவள் மகள் அந்த ஆல்பத்தைப் பார்த்து "இது நீயாம்மா?" என்று கேட்பாள். கறுத்த தோலில் பக்கவாட்டிலிருந்து மென்மையான வெளிச்சம் விழுந்தால் கன்னத்திலும் நெற்றியிலும் ஒரு மினுமினுப்பு வரும், வெளுத்த தோலில் அது வரவே வராது. அதைப் பார்க்கத் தெரிந்தவரிடம் உங்கள் வேலையைக் கொடுங்கள். பார்ட்டியே வெளுப்பாக்கச் சொன்னால்? இரண்டு மாதிரியும் ஒரு பக்கம் அச்சடித்துக் காட்டுங்கள். பெரும்பாலானவர்கள் மனதை மாற்றிக்கொள்கிறார்கள்.

பொழுதுபோக்காக எடுப்பவர்கள் தரத்தில் ஒரு படி கீழேதானா?

இல்லவே இல்லை. விவியன் மையர் அமெரிக்காவில் வீடுகளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தவர். ரோலிஃபிளெக்ஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சிகாகோ, நியூயார்க் தெருக்களில் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் யாருக்கும் காட்டவில்லை. 2009-இல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவற்றைப் பரவலாகப் பார்த்தது. இன்று தெருப் புகைப்படக் கலையைப் பற்றிப் பேசும்போது அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது.

நம் ஊரிலேயே உண்டு. லின்னேயஸ் டிரைப், கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் அதிகாரி. இங்கிலாந்துக்கு விடுப்பில் போனபோது சொந்த ஆசையில் படம் எடுக்கப் பழகினார். பின்னால் சென்னை மாகாண அரசே அவரைத் தன் போட்டோகிராபராக வைத்துக்கொண்டது. 1858-இல் அவர் தஞ்சாவூரிலும் மதுரையிலும் எடுத்த படங்கள் இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 அச்சுகளாகச் சேர்த்து ஒரே நீளப் படமாக்கியிருக்கிறார். அன்றைய கேமராவையும் ரசாயனங்களையும் நம் ஊர் வெயிலையும் நினைத்துப் பாருங்கள், அது எவ்வளவு பெரிய பொறுமை என்று தெரியும்.

இன்னொன்று. பள்ளிக்கரணையிலோ வேடந்தாங்கலிலோ பத்து லட்சம் ரூபாயைத் தாண்டும் 600 மில்லிமீட்டர் லென்ஸோடு நிற்பவர் பெரும்பாலும் ஐடி கம்பெனியிலோ மருத்துவமனையிலோ வேலை பார்ப்பவர். நாங்கள் அந்த விலைக்கு லென்ஸ் வாங்கினால் வாடகை கட்ட முடியாது. பறவைக்காக மூன்று மணி நேரம் அசையாமல் நிற்கும் சுதந்திரமும் அவர்களுக்கு உண்டு.

கல்யாணத்துக்குப் போட்டோகிராபரைப் பிடிக்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதில் பல வருஷ வேலையின் பொறுக்கி எடுத்த படங்கள் இருக்கும். "ஒரே கல்யாணத்தோட முழு படத்தையும் காட்டுங்க, நல்லது கெட்டது எல்லாத்தையும்" என்று கேளுங்கள். பந்தி, குரூப் போட்டோ, இரவு ரிசப்ஷன் மூன்றையும் பாருங்கள். பந்தியில் சாப்பிடுகிறவர்களின் படம் கௌரவமாக வந்திருந்தால் அவர் எல்லா இடத்திலும் கவனமாக இருப்பவர்.

நேரில் யார் வருவார்கள் என்று கேளுங்கள். பேசுவது ஒருவர், வருவது இன்னொருவர் என்பது நம் ஊரில் சகஜம். அன்று அவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மாற்று ஆள் யார், இரண்டாவது கேமரா இருக்கிறதா, படங்களை எத்தனை இடத்தில் காப்பி செய்து வைப்பார்? என் கணக்கில், மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் ஒரு காப்பி, வீட்டில் இன்னொரு ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி, இரண்டும் முடியும்வரை கார்டை அழிக்கக் கூடாது. ஆல்பம் எத்தனை ஷீட், எப்போது கைக்கு வரும், அட்வான்ஸ் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். தெரிந்தவர், சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள்.

எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம்?

இது பல போட்டோகிராபர்களுக்கே தெரியாது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவின்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் பணம் கொடுத்தவர்தான். அதாவது உங்கள் கல்யாணப் படத்தை விளம்பரத்துக்குப் போட வேண்டுமென்றால் போட்டோகிராபர் உங்களிடம் கேட்க வேண்டும். பொண்ணு வீட்டாருக்குப் பிடிக்காத படம் ஊர் முழுக்கச் சுற்றிய பிறகு சண்டை போடுவதைவிட, "எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது" என்று முன்கூட்டியே அந்தத் தாளில் ஒரு வரி சேர்ப்பது நல்லது.

அமெச்சூர், புரொபஷனல் என்று சட்டமே பிரிக்கும் இடம் ஏதாவது உண்டா?

டிரோனில் உண்டு. 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ள டிரோனை வணிக நோக்கம் இல்லாமல் பறக்கவிட பைலட் சான்றிதழ் தேவையில்லை. அதே டிரோனைக் காசு வாங்கிக்கொண்டு கல்யாண மண்டபத்துக்கு மேல் பறக்கவிட்டால் சான்றிதழ் வேண்டும். ஆள் பிடிக்கும்போது சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். உங்கள் மண்டபம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் தனி அனுமதி பற்றியும் கேளுங்கள்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில், மாமல்லபுரமோ தஞ்சைப் பெரிய கோயிலோ, கையில் பிடித்து எடுப்பவரைப் பொதுவாகத் தடுக்க மாட்டார்கள். டிரைபாடை விரித்தால் முன் அனுமதி கேட்பார்கள். ப்ரீ வெட்டிங் ஷூட்டுக்கு அங்கே போவதாக இருந்தால் அனுமதியைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். அங்கே போய்ப் பேசிப் பார்க்கலாம் என்று நினைத்தால் காலை வெளிச்சம் போய்விடும்.